இறக்கத்தில் நியூட்ரல்

ஜோர்டானின் அம்மான் நகரத்தில் என்னோடு ஷேர் டாக்ஸி ஓட்டிய மித்கால், இறக்கம் வந்தாலே வண்டியை நியூட்ரலில் போட்டுவிடுவான்.

"கியர்ல இறக்குடா முட்டாள், பிரேக் சூடேறிடும்" என்று கத்துவேன்.

"மலையே சும்மா இறக்கிவிடுது, பெட்ரோலை எதுக்கு எரிக்கணும், அபூ ஸைத்?" என்று என்னைப் பார்த்து இளிப்பான்.

போன வாரம் அஷ்ரஃபியா இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்தும் கியர் விழவில்லையாம், பிழைத்த பயணி சொன்னான். மித்கால் சுவரில் மோதிச் செத்தான்.

துக்க வீட்டில் சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்துக்கொண்டு, "அல்லாஹ் எழுதினது" என்றார்கள் எல்லாரும்.

"வண்டியை நியூட்ரல்ல போட்டது யாரு? அதுவும் அல்லாஹ் எழுதினதா?" என்றேன்.

மித்காலின் தம்பி ஃபவ்வாஸ்தான் என்னைத் தன் டாக்ஸியில் வீட்டில் விட வந்தான். அதே இறக்கம். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மறு கையால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான்.