இடது கையில் வாங்கிய வெற்றிலை

நவராத்திரிக்கு எதிர்வீட்டு மாமி தாம்பாளத்தை நீட்டும்போதெல்லாம் என் கை ஒரு நொடி தயங்கும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், மேலே கொஞ்சம் பூ. ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த பிறகும் அந்தத் தயக்கம் என்னை விடவில்லை. லால்குடி அக்காதான் காரணம்.

நான் அப்போது போலீஸ்காரி. சங்கிலி பறிக்க வந்த பக்கத்துத் தெருப் பையன் அக்காவின் வலது கையை அரிவாளால் வெட்டியிருந்தான். அவன் ஜாமீன் கேட்டால் அக்காவின் பேச்சையும் கோர்ட் கேட்க வேண்டும் என்பது சட்டம். அவரைப் பத்திரமாகத் திருச்சிக்கு அழைத்து வருவது என் வேலை. விசாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. "ஒருத்தங்க பேசுறதுக்கு ஜீப்பு, டீசல், காவலுக்கு ஆளு. எல்லாம் மக்கள் வரிப்பணம்மா" என்று இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தடவையும் புலம்புவார். ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறைதான், அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடும்.

அன்று ஜீப்பில் அக்கா மெதுவாகச் சொன்னார். "நேத்து அவன் அம்மா வந்துச்சும்மா. வெத்தல பாக்கு குடுத்துச்சு. வாங்கிக்கிட்டேன்."

பகையான வீட்டு வெற்றிலையை வாங்கினால் சமாதானம் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம்.

"ஏங்க்கா வாங்குனீங்க?"

"வீடு தேடி வந்து நீட்டுறத எப்படிம்மா வேணாங்குறது?"

அவன் வெளியே வந்தால் பக்கத்துத் தெருவில்தான் இருப்பான்; அக்கா வீட்டில் தனியாக இருக்க வேண்டும். ஜீப் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியது.

கோர்ட்டில் நான் பயந்தபடியே நடந்தது. "சமாதானமாயிட்டாங்க ஐயா. வெத்தலையே வாங்கிட்டாங்க" என்றார் பையனின் வக்கீல். உண்மையா என்று நீதிபதி கேட்டார்.

"வாங்கினேங்க" என்றார் அக்கா. போச்சு என்று நினைத்தேன்.

அக்கா முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தார். விரல்கள் விறைத்து நின்றன. "இது மடங்க மாட்டேங்குதுங்க. இடது கையாலதான் வாங்கினேன். இடது கையால வாங்கி யாராச்சும் சமாதானம் ஆவாங்களா? அந்தம்மாவும் பாத்துச்சு. அழுதுட்டுப் போச்சு."

பின்வரிசையில் இருந்த அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டாள். ஜாமீன் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் இன்ஸ்பெக்டர் போனில் டீசலைப் பற்றித்தான் கேட்டார். அந்த ஜீப் போகாமலிருந்தால் வக்கீல் சொன்ன பாதிக் கதைதான் கோர்ட்டில் நின்றிருக்கும்.

"எடுத்துக்கோங்கோ" என்கிறார் மாமி. வலது கையை நீட்டுகிறேன். வெற்றிலையின் மேல் என் விரல்கள் தாமாக மடங்குகின்றன.