தங்கச்சியின் இரும்பு பூட்ஸும் எங்கள் செவலை நாயும்

அரியலூர் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். என் தங்கச்சிக்குக் கைக்குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனதால், வீட்டுக்குள் தவழ்ந்துதான் போவாள். குட்டியாக வந்து சேர்ந்த எங்கள் செவலை நாய் அவளைத் தன் இனம் என்றே முடிவு கட்டிவிட்டது. அவளும் மறுக்கவில்லை. முறுக்கில் பாதி அவளுக்கு, பாதி அதற்கு. தெருவில் ஆள் போனால் இருவரும் சேர்ந்து குரைப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்ததும், அப்பா திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த பூட்ஸ் ஒன்று வாங்கி வந்தார். அதைப் போட்டு அவள் நின்றதும் நாய் ஊரைக் கூட்டிவிட்டது. தன் ஆள் இப்படிக் கட்சி மாறுவாள் என்று அது எதிர்பார்க்கவில்லை. அவளுக்கும் பூட்ஸ் பிடிக்கவில்லை. வார் தொடையை அறுத்தது.

அந்த வாரமே, டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பூட்ஸ் காணாமல் போனது. எருக்குழியில் கிடைத்தபோது அதில் நாயின் பல் பதிந்திருந்தது.

அப்பா கம்பை எடுத்தார். “இந்த நாயப் புடிச்சு ஏலாக்குறிச்சி பஸ்ல ஏத்தி வுட்டுடுறேன்.”

அம்மா தங்கச்சியைப் பார்த்தாள். “நாய் கவ்விக்கிட்டுப் போச்சு, சரி. டிரங்குப் பெட்டியத் தெறந்தது யாருடி?”

“அதுதாம்மா. கெட்டிக்கார நாயி.”

அப்பாவே சிரித்துவிட்டார். கம்பு கீழே போனது.

“ரெண்டும் களவாணிங்க. இனிமே நாய்க்குச் சோறு வாசப்படியிலதான். பூட்ஸ் போட்டு நீதான் நடந்து கொண்டாந்து வைக்கணும்” என்றாள் அம்மா.

முதல் நாளே முற்றத்தில் விழுந்தாள். சோறு சிதறியது. நாய் சோற்றை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து படுத்தது. அதன் கழுத்தைப் பிடித்து அவள் எழுந்தாள். அவள் நேராக நின்ற பிறகுதான் சோற்றுப் பக்கம் போனது.

“பாசத்தப் பாருங்க” என்று அம்மா கண்ணைத் துடைத்தாள்.

“பாசமா? நாளைக்கும் விழுந்து, பழையபடி தவழுவாள்னு ஆசையா இருக்கும்” என்றார் அப்பா. ஆனாலும் அன்று கடைக்கு அவர் தாமதமாகத்தான் போனார்.

மழைக்காலத்துக்குள் அவள் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தாள். என்னோடு வந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் நாய், அவளோடு மட்டும் தேர் மாதிரி அசைந்து போகும். வகுப்பு வாசலிலேயே படுத்துக்கொள்ளும்.

“நாய் எதுக்குடி இங்க?” என்று டீச்சர் கேட்டதற்கு, “வூட்ல தனியா இருந்தா அது அழுவும் டீச்சர்” என்றாள். உண்மையில் யார் அழுவார்கள் என்று டீச்சருக்கும் தெரிந்திருக்கும். அதன் பிறகு கேட்கவில்லை.

அவள் ஹைஸ்கூல் போகும்போது நாய்க்கு வயசாகிவிட்டது. இடுப்பு வலித்ததோ என்னவோ, பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் நின்று திட்டுவாள்.

“எந்திரிடா கெழவா. பெல் அடிச்சா ஒனக்கென்ன, எனக்குல்ல அடி விழும்.”

அது மெதுவாக எழுந்து வரும் வரைக்கும் ஓரடிகூட நகரமாட்டாள்.