அமெலியும் ராணியும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் வளர்த்தது என் பிள்ளைகள் ஆறு, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மகள் ஒன்று.

1970களில் நான் ஆயாவாக இருந்த மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், துரையம்மா பிரான்சுக்காரி. தேநீரை மோந்து பார்த்துத்தான் குடிப்பார்.

ஒருநாள், "பாப்பா பேரு அமெலின்னா என்னம்மா அர்த்தம்?" என்றேன்.

"உழைப்பு. பழைய ஜெர்மன் சொல். எங்க நாட்டுல பாட்டி காலத்துல தெருவுக்கு ஒரு அமெலி இருந்தா. உன் மகள் பேரு?"

"ராணி. பன்னெண்டு வயசுதான். வேலை வாங்குற கங்காணி கொழுந்து பறிக்க வரச் சொல்றாரு. படிக்கட்டும்னு துரைகிட்ட சொல்லுங்கம்மா."

"கொழுந்து கிள்ள நல்ல விரல் அவளுக்கு," என்று சிரித்தார்.

உழைப்பு என்று பெயர் வைத்த பிள்ளை பியானோ பழகியது. ராணி கூடை சுமந்தாள்.

நான் காய்ச்சலில் கிடந்தபோது தன் சால்வையைப் போர்த்தியவரும் அவர்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை உரக்க வாசி. அவள் படிப்புக்காக நான் துரையம்மாவிடம் கேட்டேன் என்பது உன் அம்மா ராணிக்கும் தெரியட்டும்.