புயல் எடுத்த படம்

அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடிப் பதிவு மேசையில் இருப்பவளை எல்லோரும் புயல் என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு வேகம். நோயாளியின் பதிவு எண்ணை ஒரு படிவத்திலிருந்து இன்னொரு படிவத்துக்குக் கொண்டுபோவதுதான் பத்தொன்பது வருடமாக அவள் பிழைப்பு. பதினான்கு இலக்க எண். அதைக் கையால் அடிக்கக் கூடாது, காப்பி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும் என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டாள். ஒருவருடைய மாத்திரை இன்னொருவர் வாய்வரை போய்த் திரும்பியது. அன்றைக்குப் பிறகு ஓர் எண்ணைக்கூட அவள் அடித்ததில்லை. கண் கதவைப் பார்க்கும், வாய் யாரையாவது திட்டும், கை பாட்டுக்குக் காப்பி எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்பேர்ப்பட்டவள் தலையில்தான் அன்று ஒரு சாவைக் கட்டப் பார்த்தார்கள்.

முந்தின நாள் காலை பதினொன்று ஐந்துக்கு, ஒன்பதாம் கட்டில் பெரியவரின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஆபத்தான முடிவு. பார்த்த நிமிஷமே வார்டு டாக்டருக்கு மருத்துவமனையின் செய்திப் பெட்டியில் எழுதினாள். ‘சரி, வருகிறேன்’ என்று பதிலும் வந்தது. மூன்றரைக்குப் பெரியவர் போய்ச் சேர்ந்தார். டாக்டர் வந்து சேர்ந்தது நான்கு மணிக்கு. விடிந்ததும், தனக்கு யாரும் தகவலே சொல்லவில்லை என்று கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு அரைப் பக்கம் போதுமாக இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பதினொன்றரைக்கு விசாரணை என்று புயலிடம் ஆள் வந்து சொன்னபோது மணி பதினொன்றாகப் போகிறது.

அந்தப் பெட்டியில் எந்தச் செய்தியும் ஒரு நாளுக்கு மேல் தங்காது, தானாக அழிந்துவிடும். புயலுக்கு அது தெரியும். பதினொன்றுக்குச் செய்தியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையைப் படம் பிடிக்கும் பட்டனை அழுத்தினாள். கணினிக் கோளாறுக்குப் புகார் எழுதும்போதெல்லாம் செய்வதுதான்: அழுத்துவாள், கடிதத்தில் ஒட்டுவாள், அனுப்புவாள். இடையில் அந்தப் படம் எங்கே குடியிருக்கிறது என்று யோசிக்க அவளுக்கு ஒரு நாளும் அவசியம் வந்ததில்லை. மெஷினுக்குள் எங்கோ பத்திரமாக இருப்பதாக நினைப்பு. கணக்குப்படி ஐந்து நிமிடத்தில் செய்தி மறைந்தது. போனால் போகட்டும் என்று, படத்தை அச்செடுக்கத் தேடினாள். ஒரு ஃபோல்டரிலும் இல்லை.

அச்சகத்தில் கணினி வேலை பார்க்கும் மகளைப் போனில் பிடித்தாள்.

“அம்மா, படத்தை எடுத்துட்டு சேவ் பண்ணியா?”

“பட்டனைத்தான் அழுத்தினேனே.”

“அது கிளிப்போர்டுல சும்மா நிக்குதும்மா. அங்க ஒண்ணுக்குத்தான் இடம். அடுத்து எதைக் காப்பி பண்ணாலும் இது போயிடும். எதையாவது பண்ணியா?”

“இல்லடி. கையும் ஓடலை, காலும் ஓடலை. நான் எங்க வேலை பார்த்தேன்?”

“அப்போ இருக்கு. பெயிண்ட்னு படம் வரையறது ஒண்ணு இருக்கும், அதைத் திற. ஒட்டு. சேவ் குடுத்து ஒரு பேர் வை. அவ்வளவுதான். வேற எதையும் தொடாதே.”

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பெயிண்ட்டைத் திறந்தாள். வெள்ளைத் தாள் விரிந்தது. அப்போதுதான் நர்ஸ் ஓடி வந்தாள். கையுறையெல்லாம் ரத்தம்.

“அக்கா, நாலாம் கட்டில். தையல் விட்டுடுச்சு, ரத்தம் நிக்கலை. ரெண்டு பை வேணும், இப்பவே.”

ரத்த வங்கிப் படிவம் திரையில் வந்தது. எண், கட்டில், வகை, அவசரம், அனுப்பு. பத்து விநாடிகூட ஆகவில்லை. நர்ஸ் வந்த வழியே ஓடினாள்.

“ஒட்டினியாம்மா?” என்றது போன்.

புயல் ஒட்டினாள். வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

“ஒட்ட மாட்டேங்குதுடி.”

“வேற எங்கயாவது ஒட்டிப் பாரு.”

புகார்க் கடிதத்தைத் திறந்து ஒட்டினாள். பதினான்கு இலக்கம் வந்து உட்கார்ந்தது. நாலாம் கட்டில் எண். எப்போது காப்பி எடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

பழசைத் திரும்ப எடுக்க மகள் ஒரு வழி சொன்னாள். அந்த வசதி இந்தக் கணினியில் திறக்கப்படவில்லை என்று திரை சொல்லிவிட்டது. புயல் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். வெட்ட வேண்டிய கை இது என்று தன் கையைத் தானே திட்டினாள்.

“ஏம்மா, அந்த ஒரு நம்பரை மட்டும் பார்த்து அடிச்சிருக்கலாமே?”

“பதினாலு இலக்கம்டி. ஒண்ணு மாறினா வேற ரத்தம் ஏறும்.”



பதினொன்றரைக்குக் கண்காணிப்பாளர் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் டாக்டர், மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. புயலை உட்காரச் சொல்லவில்லை.

“டாக்டருக்குத் தகவல் சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா?”

“இப்ப வரைக்கும் இருந்துச்சு சார்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இருக்கா, இல்லையா?”

அவள் டாக்டரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. கண்காணிப்பாளர் ‘இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை அவள் பக்கம் திருப்பினார்.