வீட்டில் தங்கிய மஞ்சள் தொப்பி

பூங்கா பெஞ்சுக்கு அடியில் நோரீன் டக்வெல் மல்லாந்து கிடந்தால் பேங்க்சியா சந்துக்காரர்கள் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை. கையில் டேப், வாயில் துண்டுச்சீட்டு, வயது அறுபத்து மூன்று. யாருக்கோ பிறந்தநாள் வருகிறது என்று அர்த்தம்.

வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மற்ற நேரமெல்லாம் விருந்துகளுக்குப் புதையல் வேட்டை அமைத்துக் கொடுப்பதுதான் அவருடைய பைத்தியம். விடுகதையை அவரே எழுதுவார், அவரே ஒளிப்பார், பெரும்பாலும் அவரே தொலைப்பார். செப்டம்பரில் மேக்பை குஞ்சு பொரித்திருந்த மரத்தில் சீட்டைச் செருகி வைத்தார். பறவை கொத்தியதில் ஒரு மாப்பிள்ளை தலையில் கட்டோடு மோதிரம் மாற்றினார். படகுத்துறையில் ஒளித்ததைக் கடல் கொண்டுபோனது. "தண்ணி எப்ப ஏறும்னு அட்டவணை ஒட்டியிருக்கான். படிக்கக் கண்ணாடி வேணுமே! அதை எங்க ஒளிச்சேனோ!" என்று முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

சிரிக்க முடியாத வேலை ஒன்று போன வருடம் வந்தது. ஆறாம் எண் வீட்டு டெஸ், அதே சந்தில் இருக்கும் ரோண்டாவோடு ஒன்பது வருடமாகச் சீட்டாடுகிறவர். ஒரு நாள் மிட்டாய் டப்பா ஒன்றை நோரீனின் கையில் வைத்தார். உள்ளே மோதிரம்.

"கட்டிக்கிறியான்னு ஒரு தடவைதான் கேப்பேன் நோரீன். அதுல சொதப்புச்சுன்னா சாகுற வரைக்கும் வாயே திறக்க மாட்டேன்."

நோரீன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைத் தொலைக்கிறவளிடம் ஒரு மனிதர் மிச்ச வாழ்க்கையையே கொடுத்துவிட்டுப் போகிறாரே!

குதிரைப் பந்தய விடுமுறையான செவ்வாயன்று வேட்டை. குப்பை வண்டி வருகிற நாளும் அதுதான். ஒரு வாரம் தோட்டக் குப்பைக்கான பச்சை மூடித் தொட்டி, மறுவாரம் பாட்டில், பேப்பர் போடும் மஞ்சள் மூடி. அது பச்சை வாரம். ஆகவே டப்பாவைத் தன் மஞ்சள் தொட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிட்டுக் கடைசி விடுகதையை எழுதினார்: 'பச்சைத் தம்பி தெருவுக்குப் போனான், வீட்டில் தங்கிய மஞ்சள் தொப்பி யார்?' பெருமை தாங்காமல் நாய்க்கு வாசித்தும் காட்டினார்.

செவ்வாய் காலை எதிர்வீட்டு க்ளிஃப் வாரம் தெரியாமல் மஞ்சள் தொட்டியை வெளியே உருட்டினார். இந்தச் சந்தில் எல்லா ஃபிரிட்ஜிலும் குப்பை நாள்காட்டி ஒட்டியிருக்கும். ஆனால் எல்லாரும் பார்ப்பது எதிர்வீட்டைத்தான். நோரீனும் பார்த்தார். 'அடடா, மஞ்சள் வாரமா!' என்று தன் தொட்டியை உருட்டிக்கொண்டு ஓடினார், டப்பாவோடு. அவரைப் பார்த்து மிச்சச் சந்தும் ஓடியது. வண்டி உள்ளே திரும்ப இடமில்லை என்பதால் தெருமுனையில்தான் வைக்க வேண்டும். பதினோரு மஞ்சள் மூடிகள் அங்கே ஒரே வரிசையில் நின்றன.

பத்து மணிக்கு ரோண்டா கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். "வீட்டுல ஒரு மஞ்சளும் தங்கலையே! விடுகதை தப்பா, தெரு தப்பா?"

"நான்தான் தப்பு, கண்ணு. க்ளிஃபை நம்பி என் சொந்த விடுகதையையே கவுத்துட்டேன். எதுல இருக்குன்னு சொன்னா அது வேட்டையில்ல, எல்லாத்தையும் திறந்து பாருங்க!"

டெஸ் வெளுத்துப்போனார். "இது சகுனமே சரியில்ல. நான் வீட்டுக்குப் போறேன்."

"போனே, காலை ஒடிச்சிருவேன். தேடுய்யா!" என்றார் நோரீன்.

ரோண்டா நான்காவது மூடியைத் தூக்கினார். ஒரு நொடி நின்றார். மெதுவாக மூடினார். "இதுலயும் பீர் பாட்டில்தான்," என்று உரக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நோரீன் திரும்பிப் பார்த்தார். அது அவருடைய தொட்டி; அவர் பீர் குடிப்பதில்லை. ஓடிப்போய்த் திறந்தார். மூடியில் கிழிந்த டேப் மட்டும் தொங்கியது. பிடிக்கவில்லை என்று அவள் தூக்கி எறிந்துவிட்டாளா? பழைய பேப்பர்களுக்குள் கையை விட்டுத் துழாவினார். இல்லை. நிமிர்ந்தபோதுதான் கவனித்தார்: ரோண்டா ஒற்றைக் கையாலேயே மூடிகளைத் திறக்கிறார். இடது கை ஸ்வெட்டர் பையை விட்டு வெளியே வரவில்லை.

நோரீன் அருகில் போனதும் அந்தக் கை அரைக்கணம் எட்டிப் பார்த்தது. விரலில் மோதிரம்.

"சத்தம் போடாத," என்று ரோண்டா காதில் கிசுகிசுத்தார். "அவர் இன்னும் மனப்பாடம் பண்ணிட்டிருக்கார் பாரு. அவரே வாயைத் திறந்து கேக்கட்டும்."

கடைசித் தொட்டியருகே டெஸ் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏழு பாக்கி!" என்று நோரீன் கத்தினார். "அவசரமே இல்ல, நிதானமாத் தேடுங்க!" பிறகு ஐந்தாவது மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, தானும் மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.