இடது கை பிரேக்

சேக்காட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பத்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் போன வருடம் தம்பியோடு வேனில் இரண்டு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போனேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெளிநாட்டு மலை சைக்கிள்.

ஆசைக்கு அவன் சைக்கிளில் ஏறி மண் சரிவில் இறங்கும்போது வேகம் கூடியது. ஸ்கூட்டர் பழக்கத்தில், பின் சக்கரம் நிற்கும் என்று நம்பி இடது பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். முன் சக்கரம் அப்படியே நின்றது. நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தேன். வலது தோளில் உயிர் போகிற வலி.

தம்பி ஓடி வந்தான். “இன்னாக்கா, பிரேக் புடிக்கலையா?”

“புடிச்சதாலதான்டா உழுந்தேன்!”

அந்த வெளிநாட்டு சைக்கிளில் இடது பிரேக்தான் முன் சக்கரத்துக்கு. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. தோள்பட்டை எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு.

உடம்பு தேறியதும் மறுபடி ஏலகிரிக்குப் போய், அதே சரிவில் இறங்கிவிட்டுத்தான் வந்தேன். இப்போது யார் வண்டியானாலும், ஏறும் முன் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பார்க்கிறேன். தெருவில் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களிடம் தம்பியின் சைக்கிளைக் காட்டி, “இதுல முன் பிரேக் எது, சொல்லு பாப்போம்” என்பேன்.

இதுவரை எல்லாருமே வலதைத்தான் காட்டியிருக்கிறார்கள்.