புதுச் சாமைக்குப் போட்ட பூட்டு

செந்தாமரை செய்த தப்பை மலைக்குக் கீழே, படவேட்டில் யாராவது செய்திருந்தால் அதைத் தப்பென்றே சொல்லியிருக்க மாட்டார்கள். ஜவ்வாது மலையில் அவள் ஊர் வழக்கம் வேறு. புதுச் சாமையைச் சாமிக்குப் படைக்கும் முன் ஒரு பிடிகூட ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவளோ ஊர்ச் சாமையை விற்கத் தானே ஒரு இணையதளம் செய்து, படையலுக்கு முன்பே திறந்துவிட்டாள். முதல் நாளே வாணியம்பாடியிலிருந்து ஆஸ்மா என்பவர் இருபது கிலோ கேட்டுவிட்டார்.

வயது பதினேழு. கம்ப்யூட்டர் கிடையாது, சொல்லித்தர ஆளும் கிடையாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று, கீறல் விழுந்த போனிலேயே இரண்டு வருடம் நிரல் எழுதி அழித்துக் கற்ற வித்தை. அதற்குத்தான் இப்போது ஆபத்து.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கோவிந்தன் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா பண்ணி வச்சிருக்கே? சாமிக்கு வைக்கறதுக்கு முன்னால வெளிய வெல பேசறியா? பொழுது சாயறதுக்குள்ள நிறுத்து. இல்லன்னா போனையே தொடக் கூடாது."

தளத்தை அழிப்பது ஒரு நிமிட வேலை. மனம் வரவில்லை. சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினாள். படையல்வரை ஆர்டர் பொத்தானை மட்டும் பூட்ட வேண்டும். எப்படி என்று தெரியாது. தேடி எழுதினாள். பக்கமே வெள்ளையாகிப் போனது. சார்ஜ் ஒன்பது சதவீதம். வரி வரியாகப் பார்த்தாள். ஒரு அடைப்புக்குறியை மூடவில்லை. மூடியதும் பக்கம் திரும்பி வந்தது.

பொழுது சாய, கவுண்டரே பாறைக்கு வந்து தன் போனில் பொத்தானை அழுத்தினார். 'சாமிக்குப் படைத்த பிறகுதான்' என்று வந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு முறை அழுத்தினார்.

"எப்போ தெறக்கும்?"

"வர்ற வெள்ளிக்கெழம தானாவே தெறந்துக்கும், பெரியப்பா."

"நாளே இன்னும் குறிக்கலயே. மழ வந்தா தள்ளிப் போவும். உன் போனைக் கேட்டா சாமி நாள் சொல்லுது?"

"தேதிய எடுத்துடறேங்க. நீங்க சொன்னப்புறம் நானே தெறக்கறேன்."

கவுண்டர் தன் போனை மடியில் செருகிக்கொண்டார்.

"அப்போ நாள் குறிக்கறப்ப நீ இருக்கணுமே. காலையில கோயிலுக்கு வந்துடு. தள்ளி நிக்காத, எங்களோட உக்காரு."

நாள் குறிக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. சரியென்று தலையை ஆட்டினாள்.